நாக்குல தராசு வச்சிருந்த ஆவுடை

ஒரு ஊர்ல ஒரு ஆவுடை இருந்தா. ஊரு பேரு நண்டுக்கரை. கடல் வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற ஊரு. ஆவுடையோட அப்பா கப்பலுக்குப் பாய் தைக்கறவரு. சின்ன வயசுலயே அவரோட கப்பல் கப்பலாச் சுத்தினவளாச்சா, இங்கிலீஷு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. அதனால உலகம்மை ராணி அவளைத் துபாஷியா வச்சுக்கிட்டாங்க. துபாஷின்னா, அவங்க பேசறதை இவங்களுக்கும், இவங்க பேசறதை அவங்களுக்கும் மாத்திச் சொல்றவ. ஆவுடை ஒரு வார்த்தை சொல்லணும்னா, தட்டான் பொன்னை நிறுக்கற மாதிரி நிறுத்துப் பாத்துத்தான் வெளிய விடுவா. "அவ நாக்குல தராசுல்ல இருக்கு"ன்னு ஊரே சொல்லும். ம் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒருநாள் காலையில, கடல்ல ஒரு கப்பல் வந்து நின்னுச்சு. பாயெல்லாம் கிழிஞ்சு படபட படபடன்னு அடிச்சுக்குது. உள்ள குடிக்கப் பொட்டுத் தண்ணி இல்ல. கப்பல் தலைவரு பேரு ஹார்ட்டன் துரை. நம்ம சனங்க வாயில அவரு ஆட்டந்துரை. அவரு பொண்டாட்டிக்கு நெருப்பாக் காய்ச்சல். கைக்குழந்தை வேற, அழக்கூடத் தெம்பில்லாம 'ங்கே... ங்கே...'ங்குது. ஆனா ராணி உத்தரவு இல்லாம வெளியூர்க் கப்பல் அங்க ஒரு குடம் தண்ணி எடுக்க முடியாது.

துரை வேர்க்க விறுவிறுக்க அரண்மனைக்கு வந்தாரு. கையில ஒரு பெட்டி. தெறந்தா, டிக்டிக் டிக்டிக்குன்னு ஒரு கடிகாரம். ராணி முன்னாடி அதை வச்சு, நல்லாக் குனிஞ்சு, ஒரே வார்த்தை சொன்னாரு. "கிஃப்ட்."

"பொறந்தநாளைக்குக் குடுப்பாங்களே, அதானே?"

அதேதான் கண்ணு. அந்தத் துரை வாயில எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். நம்மகிட்ட அதுக்கு வண்டி வண்டியா வார்த்தை இருக்கே! அதுல எதை எடுக்கறது?

ராணி கேட்டாங்க, "என்ன சொல்றாரு, ஆவுடை?"

ஆவுடை மனசுக்குள்ள தராசைத் தூக்கினா. பரிசுன்னு சொன்னா, மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களைத் தட்டிக்குடுத்துக் குடுக்கற மாதிரி ஆயிடும். ராணிக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடும். கப்பம்னு சொன்னாலோ, அது தோத்துப்போனவன் கட்டறது. துரை நமக்கு அடிமைன்னு ஆயிடும். அப்புறம் அவங்க ராசா சும்மா இருப்பாரா? டம்மு டம்முன்னு பீரங்கியோட வந்து நிப்பாரு. அவ துரை பக்கம் திரும்பி மெதுவாக் கேட்டா, "துரை, இதை எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"பெரியவங்களைப் பாக்க வெறுங்கையை வீசிக்கிட்டா வர்றது?"ன்னாரு அவரு.

ஆவுடை மூஞ்சி மலர்ந்துடுச்சு. "மகாராணி, காணிக்கைங்கறாரு. உங்களைக் காண வந்தவரு வைக்கிற காணிக்கை. கப்பல்ல குடிக்கத் தண்ணி இல்லையாம்."

ராணி சிரிச்சுட்டாங்க. "பாவம், நாக்கு வறண்டு நிக்கறாரு. வேணுங்கற தண்ணியைக் குடுங்க"ன்னு உத்தரவு போட்டாங்க. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்போ கரையில என்ன ஆச்சு, கேளு. கப்பல்ல வெக்கை தாங்கலைன்னு துரை பொண்டாட்டியையும் குழந்தையையும் இறக்கிப் புன்னை மரத்து நிழல்ல படுக்க வச்சிருந்தாங்க. துரையும் ஆவுடையும் கிணத்தடிக்கு வந்தாங்க. கிணத்துக்குக் காவல் யாருன்னா, படைக்குத் தலைவரான தளவாய் கரும்புலியாரு. இம்மாம் பெரிய மீசை! அவரு மீசையைத் தடவிக்கிட்டே, "தண்ணியா? இன்னைக்கு ஆகாது. கயிறு அறுந்து கெடக்கு"ன்னாரு. கயிறு நல்லாத்தான் இருந்துச்சு.

துரைக்கு வேற வழி தெரியல. விரல்ல இருந்த மோதிரத்தைக் கழட்டித் தளவாய் உள்ளங்கையில அமுக்கிட்டு, "கிஃப்ட்"டுன்னாரு.

தளவாய் ஆவுடை காதுகிட்ட வந்து, "ராணி கேட்டா அன்பளிப்புன்னு சொல்லிடு. வேற ஏதாவது வாயில வந்துச்சு, உன் துபாஷி வேலை போயிடும்"னாரு.

அதுக்குப் பேரு லஞ்சம்னு ஆவுடைக்குத் தெரியாதா? அந்த நேரம் பாத்து மரத்தடியில இருந்து 'ங்கே...'ன்னு ஒரு சத்தம். முன்னைவிடச் சன்னமாக் கேக்குது. அவ கையைக் கட்டிக்கிட்டுப் பணிவாச் சொன்னா.

"அப்படியே சொல்லிடறேன் ஐயா. ஆனா அன்பளிப்புன்னா நாலு பேரு பாக்கத்தானே வாங்கணும்? ஊரைக் கூட்டட்டுமா? டமடமன்னு தமுக்கு அடிச்சு, 'தளவாய்க்கு மோதிரம்'னு சொல்லச் சொல்லட்டுமா?"

தளவாய்க்கு மீசை தொங்கிப்போச்சு. மோதிரத்தைச் சுடுசோறு மாதிரி துரை கையில போட்டுட்டு, "அடேய், எறைங்கடா தண்ணியை!"ன்னு கத்தினாரு. சளக்கு சளக்குன்னு வாளி இறங்குது, ஏறுது, பீப்பாயெல்லாம் ரொம்புது. எல்லாரும் குடிச்சாங்க.

"பாப்பாவும் குடிச்சுதா?"

அதான் இல்ல. பச்சைக் குழந்தை தண்ணியா குடிக்கும்? அதுக்குப் பாலுல்ல வேணும்! அம்மாக்காரிக்குக் காய்ச்சல்ல பால் வத்திப்போச்சு. துரை குழந்தையை ஏந்திக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கறாரு. அப்போ மீன்கூடையோட சலேத்தம்மா வந்தா. அவளும் பிள்ளை பெத்துப் பால் குடுக்கறவதான். கூடையைத் தொப்புன்னு போட்டா. ஒருத்தரையும் ஒண்ணும் கேக்கல. குழந்தையை வாங்கி, மரத்துக்கு அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்து, முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டா. கொஞ்ச நேரத்துல 'மொச்சு மொச்சு'ன்னு சத்தம். ஆம்பளைங்க எல்லாரும் கடலைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. துரை கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு.

காய்ச்சல் இறங்கி, துரை பொண்டாட்டி எந்திரிச்சு நடக்கற வரைக்கும் சலேத்தம்மாதான் அந்தக் குழந்தைக்கும் பால் குடுத்தா. இந்தப் பக்கம் அவ பிள்ளை, அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளை. அப்புறம் கப்பல் கெளம்பற நாளு வந்துச்சு. துரை ஒரு பட்டுத்துணியும் ஒரு சங்கிலியும் எடுத்துக்கிட்டு, ஆவுடையையும் கூட்டிக்கிட்டு அவ குடிசைக்கே வந்து நீட்டினாரு. "கிஃப்ட்."

சலேத்தம்மா கேட்டா, "என்னக்கா சொல்றாரு? பாலுக்குக் கூலியா? அப்படின்னா அதைக் கடல்ல போடச் சொல்லு!" மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

துரைக்கு மூஞ்சி செவந்துபோச்சு. நீட்டின கை நீட்டினபடியே நிக்குது. ஆவுடைக்கு முதல்முறையா எந்த வார்த்தையும் தராசுல நிக்கல. பரிசுன்னா, இவ என்ன பந்தயத்துல ஓடினாளா? தானம்னா, இவ என்ன கையேந்தி நிக்கறாளா? அவளுக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் அந்தப் பட்டுத்துணிக்குப் பொருந்தவே இல்ல. அவ துரை கிட்டக்கப் போயி, "துரை, இவளைப் பாத்தா உங்களுக்கு யாரு ஞாபகம் வருது?"ன்னு கேட்டா.

துரை சொன்னாரு, "கூடப் பொறந்தவ ஒருத்தி ஊர்ல இருக்கா. அவ இங்க இருந்திருந்தா, இதை அவதான் செஞ்சிருப்பா."

ஆவுடைக்குக் கண்ணு ரெண்டும் குளமாயிடுச்சு. சலேத்தம்மா தோளைத் தொட்டு, "சீருடி. பொறந்த வீட்டுச் சீரு. அண்ணன் தங்கச்சிக்குக் கொண்டாந்திருக்காரு, வாங்கிக்கோ"ன்னா.

சலேத்தம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்கன்னு ஒருத்தரும் கெடையாது. அவ விக்கி விக்கி அழுதுட்டா. ரெண்டு கையையும் மீன் நாத்தம் போகத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்து, பட்டுத்துணியையும் சங்கிலியையும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்புறம் குடுகுடுன்னு உள்ள ஓடி, ஒரு பொட்டணம் கருவாட்டைக் கொண்டாந்து துரை நெஞ்சுல வச்சு அமுக்கினா. "அண்ணனை வெறுங்கையோட அனுப்புவாங்களா?" கப்பல் பூரா எப்படி மணந்திருக்கும், நெனைச்சுப் பாரு!

"உவ்வே! ம்..."

ஆவுடையோட அப்பா தைச்சுக் குடுத்த பாய் புஸ்ஸுன்னு விரிஞ்சுது. பட்டைச் சுத்திக்கிட்டு, மொழங்கால் தண்ணியில இறங்கி நின்னு சலேத்தம்மா கத்தினா, "போயிட்டு வாங்கண்ணே! பிள்ளையைப் பாத்துக்கோங்க!" கப்பல்ல இருந்து துரையும் குழந்தையைத் தூக்கிக் காட்டி என்னமோ கத்தினாரு. அவரு பாஷையிலதான். சலேத்தம்மா "சரிண்ணே, சரிண்ணே"ன்னு தலையை ஆட்டினா. பக்கத்துல நின்ன ஆவுடைகிட்ட, அவரு என்ன சொன்னாருன்னு அவ கேக்கவே இல்ல. ஆவுடையும் சொல்லல. சும்மா சிரிச்சுக்கிட்டே நின்னா.

கண்ணு?

...

கப்பலும் போச்சு, கதையும் கரை சேந்துச்சு. தூங்கு தங்கம், தூங்கு.