பாட்டு டீச்சர் மனசுக்குள் வைத்திருந்த சட்டம்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் நாவல் மரம் ஒன்று இருந்தது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அதன் கிளையில் உட்கார்ந்து, ஒரு குண்டுக்கரிச்சான் குருவி பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்ன உருவம். குரல் மட்டும் காடு முழுக்கக் கேட்கும். எல்லாரும் அவளைப் பாட்டு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் காட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த விடியற்காலைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்கள். குளத்தின் மேல் வெளிச்சம் இன்னும் விழுந்திருக்காது. கிளையடியில் மயில் குஞ்சு, நரிக்குட்டி, அணில் பெண், இரண்டு முயல் குட்டிகள் எல்லாம் கொட்டாவி விட்டபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். டீச்சர் உடனே பாட ஆரம்பிக்கமாட்டாள்.

"நாக்கை நீட்டு!" என்பாள்.

எல்லா நாக்கும் ஊதா! வந்த வழியெல்லாம் நாவல் பழம்.

"பழத்தைத் தின்னுட்டு வந்தா தொண்டை கட்டிக்கும்னு எத்தனை தடவை சொல்றது? போய் வாயைக் கொப்பளிங்க!"

கொப்பளிக்கிற சாக்கில் ஒருத்தர் மேல் ஒருத்தர் தண்ணீர் துப்பி, அதற்கும் திட்டு வாங்கி, அப்புறம்தான் ஸரிகம. டீச்சர் ஒரு வரி பாடுவாள். குட்டிகள் திருப்பிப் பாடும். குளத்துத் தவளைகள் கேட்காமலே தாளம் போடும். நரிக்குட்டிக்கு மேல் ஸ்வரம் எட்டாது, பாதியில் ஊளையாகிவிடும். மயில் குஞ்சின் குரலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. அணில் பெண் மட்டும் ஒரு தடவை கேட்டதை அப்படியே திருப்பிக் கொடுப்பாள். அந்த வயதில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. காலை என்றால் இப்படித்தான் இருக்கும், எப்போதும் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

டீச்சரிடம் ஒரு சட்டம் இருந்தது. வராத நாளின் பாடம் போனது போனதுதான். தான் வர முடியாமல் போனால் மட்டும் வேறொரு நாள் சொல்லித் தருவாள். நல்ல சட்டம். நியாயமான சட்டம். ஒரே ஒரு குறை. அதை அவள் யாரிடமும் சொல்லவே இல்லை!

'இதையெல்லாம் வாய் திறந்து சொல்லணுமா? பெரியவங்களுக்குத் தானாத் தெரியாதா?' என்று இருந்துவிட்டாள். தெரியாது. பெரியவர்களுக்குத் தங்களுக்கு வேண்டியது மட்டும்தான் தானாகத் தெரியும்.

அந்த வருஷம் குளத்துக்கு அக்கரையில், மருத மரப் பொந்தில் டீச்சர் மூன்று முட்டை இட்டிருந்தாள். காலை வகுப்பு முடியும்வரை கணவர் பொந்து வாசலில் காவல் இருப்பார். அதற்குப் பிறகு அவர் இரை தேடிப் போய்விடுவார். டீச்சர் வந்து முட்டைமேல் உட்கார வேண்டும். முக்கியமாகச் சாயங்காலம். குளத்துக் காற்று குளிர ஆரம்பித்த பிறகு முட்டைக்குச் சூடு போதாவிட்டால் குஞ்சு பிழைக்காது.

அப்போதுதான் மயிலம்மா வந்தாள்.

"டீச்சர், நேத்து எங்க அண்ணன் வீட்டு விசேஷம். பையன் வர முடியல. அந்தப் பாடத்தை இன்னைக்குச் சாயங்காலம் சொல்லிக் கொடுத்துடுங்க. அவன் ஆடி ஆடிக் களைச்சுப் போயிருக்கான். நீங்களே எங்க புதருக்கு வந்துட்டா நல்லது!"

சட்டம் டீச்சரின் தொண்டை வரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"பரவாயில்ல மயிலம்மா, வர்றேன்."

மயிலம்மாவின் சொந்தக்காரர்களுக்கு விசேஷம் ஓய்வதே இல்லை. அடுத்த வாரமே சித்தப்பா மகனுக்கு முதல் தோகை முளைத்துவிட்டது. அதற்கும் விருந்து. அதற்கும் டீச்சர் புதருக்குப் போனாள்.

பிறகு நரி வந்தார்.

"டீச்சரம்மா, பையன் தூங்கிட்டான்."

"எழுப்பலாமே, நரியண்ணே?"

"எழுப்பினேனே! முறைச்சான். விட்டுட்டேன். மயிலம்மா வீட்டுக்குப் போறீங்களாமே? அப்படியே எங்க குகைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. வழிதானே?"

குகை குன்றுக்கு அந்தப் பக்கம்! அதற்கும் "பரவாயில்ல" என்றாள்.

பொந்தில் கணவர் முணுமுணுத்தார். "காட்டுக்கெல்லாம் பரவாயில்ல. நம்ம முட்டைக்கு?"

"ரெண்டு வீட்டுக்கு மட்டும்தாங்க. எல்லாரும் கேட்கமாட்டாங்க."

அணில் வீடு தவிர எல்லாரும் கேட்டார்கள். மழை தூறியது என்று முயல் வீட்டில் கேட்டார்கள். மழை தூறவில்லை, தூறும்போல இருந்தது என்றும் கேட்டார்கள்!

ஒருநாள் டீச்சருக்குத் தைரியம் வந்தது. ஆனால் பாதித் தைரியம். பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, குட்டிகளிடம் சொன்னாள்.

"வீட்டுல போய்ச் சொல்லுங்க. வராத நாள் பாடத்தை இனிமே திருப்பி எடுக்க மாட்டேன். சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம் டீச்சர்!"

மயில் குஞ்சு முதல் திருப்பத்திலேயே மறந்துவிட்டது. முயல் குட்டிகள், "டீச்சர் இனிமே பாடமே எடுக்க மாட்டாங்களாம்!" என்று சொல்லி அம்மாவை அழவைத்தன. நரிக்குட்டி, "வராட்டி ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வெயில் மூக்கில் அடிக்கும்வரை தூங்கியது. அணில் பெண்ணுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை. வீட்டுக்குப் போனதும் சுருண்டு படுத்தவள், எதையும் சொல்லவில்லை.

நரி வழக்கம்போல வந்து நின்றார். டீச்சர் வழக்கம்போலக் குன்றைத் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது வெயில் இறங்கியிருந்தது. மருத மரக் கிளையில் முட்டை திருடும் செம்போத்து ஒன்று உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவசரமில்லாமல் பறந்து போனது.

பொந்தில் இரண்டு முட்டைதான் இருந்தன. இரண்டும் சில்லிட ஆரம்பித்திருந்தன.

மறுநாள் காலையில் அணிலம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டிலிருந்து அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"டீச்சர், பாப்பாவுக்கு வயித்து வலி. நேத்து எழுந்திருக்கவே முடியல. அந்த ஒரு பாடத்தை மட்டும் கொஞ்சம்..."

"முடியாது!" டீச்சர் போட்ட சத்தத்தில் தவளைகள் தண்ணீருக்குள் குதித்தன. "வராத நாள் பாடம் போனது போனதுதான்! அதுதான் என் சட்டம்!"

"எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே!"

"ஆரம்பத்துல நானும்தான் இங்க நின்னேன். என் காதுல விழலையே?" அணிலம்மாவின் வால் துடித்தது. "விருந்துக்குப் போனவன் வீடு தேடிப் போய்ச் சொல்லித் தர்றீங்க. தூங்கினவன் குகை தேடிப் போய்ச் சொல்லித் தர்றீங்க. என் பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா மட்டும் சட்டமா? முதல் நாளே சொல்லியிருந்தா தலையாட்டிட்டுப் போயிருப்பேன், டீச்சர். இன்னைக்குச் சொன்னா இது சட்டம் இல்ல. எங்களுக்குன்னே செஞ்சது!"

அவள் மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். அணில் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் போலிருக்கிறது. மீசையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் அன்றைக்கு முட்டைகளை விட்டு நகரவில்லை. கோபம் நரிமேல் வந்தது, மயில்மேல் வந்தது, தன்மேலேயே வந்தது. கொட்டியது மட்டும் கேட்க உரிமை உள்ள ஒருத்தியின் தலையில்!

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் குட்டிகளிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கணவரைக் கொஞ்சம் காவல் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே ஒவ்வொரு வீடாகப் பறந்தாள். முதலில் போனது குளத்தோரப் புளிய மரத்துக்கு, அணில் வீட்டுக்கு.

"சொல்லாதது என் தப்பு. உன்மேல கத்தினது அதைவிடப் பெரிய தப்பு. நாளைக்கு எல்லாரையும் வச்சுச் சொல்லப்போறேன். நீயும் வா, அணிலம்மா."

அணிலம்மா வாலைத் திருப்பிக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. மற்றவர்கள் வந்து மரத்தடியில் நின்றார்கள். டீச்சர் கிளை நுனிக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரே மூச்சில் சட்டத்தைச் சொன்னாள்.

நரி உறுமினார். "இவ்வளவு நாள் எடுத்தீங்களே?"

"எடுத்தேன். சொல்லாம எடுத்தேன். அதனால இதுவரைக்கும் நடந்ததுக்கு யார்மேலயும் குத்தம் இல்ல. இன்னையிலேர்ந்து எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எங்களை மாதிரிப் பெரிய குடும்பத்துக்கு..." என்று மயிலம்மா ஆரம்பித்தாள்.

"பெரிய குடும்பத்துக்கும்தான், மயிலம்மா."

"அப்போ பையன் விட்ட பாடம் என்னாகிறது?"

"தினமும் வெயில் சாயற நேரத்துல, நான் முட்டைமேல உட்காரப் போறதுக்கு முன்னாடி, மருத மர உச்சியில நின்னு அன்னைக்குப் பாடத்தை ஒரு தடவை பாடுவேன். விட்டவங்க வீட்டுல இருந்தே கேட்டுக்கலாம். ஒரே ஒரு தடவை. கேட்காம விட்டா அது உங்க பாடு!"

மயிலம்மா கழுத்தை நொடித்தாள். நரி எதையோ முனகினார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் நரிக்குட்டி வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு காது சிவந்து. அப்பா இந்தத் தடவை முறைப்புக்கு மசியவில்லை!

அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் டீச்சர் மர உச்சியில் நின்று பாடினாள். காடே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. புளிய மரத்திலிருந்து மட்டும் சத்தமே இல்லை. காலை வரிசையில் அணில் பெண்ணின் இடம் காலியாகவே கிடந்தது. குட்டிகள் அதை விட்டுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தன.

ஒருநாள் டீச்சர் பாடி முடித்துப் பொந்தை நோக்கித் திரும்பினாள். அப்போது புளிய மரத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல் அந்த வரியைத் திருப்பிப் பாடியது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

டீச்சர் அடுத்த வரியைப் பாடினாள். அதுவும் திரும்பி வந்தது.

"இங்க வா சீக்கிரம்!" இரை தேடித் திரும்பியிருந்த கணவர் பொந்து வாசலிலிருந்து கத்தினார். "ஓடு விரிசல் விடுது!"

"ஒரு வரி இருங்க!" என்றாள் டீச்சர். பாடினாள். பதிலைக் கேட்டாள். பிறகுதான் உள்ளே பாய்ந்தாள்.

இரண்டு முட்டையும் பொரிந்தன. மறுநாள் காலையில் அணிலம்மா மகளைக் கிளையடியில் விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"நாக்கை நீட்டு!" என்றாள் டீச்சர்.

ஊதா!

இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிறது. நாவல் மரம் ஒரு புயலில் குளத்துக்குள் சாய்ந்துவிட்டது. வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இப்போது அப்பா, அம்மா. வளர்ந்துவிட்ட நரிக்குட்டிக்கு இன்னும் மேல் ஸ்வரம் எட்டவில்லை. ஆனால் வெயில் சாயும் நேரத்தில் ஏதாவது ஒரு மர உச்சியில் ஒரு குண்டுக்கரிச்சான் பாடினால், அவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் நின்றுவிடுவார்கள். யாரும் பார்க்காதபோது நாக்கை ஒரு தடவை நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

எவ்வளவு நியாயமான சட்டமானாலும் அதை முதல் நாளே எல்லார் முகத்துக்கும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பொறுத்துப் பொறுத்துக் கோபம் வந்த பிறகு சொன்னால், அது யார் காதிலும் சட்டமாக விழாது, சண்டையாகத்தான் விழும்.