திறக்காத ஓடு

கடலை ஒட்டி ஓர் உப்பளம் இருந்தது. அதன் தண்ணீரில் உப்பு இறால்கள் இருந்தன. விரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். எல்லாமே மல்லாந்துதான் நீந்தும்.

தண்ணீர் நன்றாக இருக்கும்போது அவை குட்டி போடும். குட்டி பிறந்த கையோடு நீந்திப் போய்விடும். தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, இனித் தாங்காது என்று ஆகிவிட்டால் மட்டும் முட்டை. கருவைச் சுற்றிக் கெட்டியாக ஓர் ஓட்டைக் கட்டி விட்டுவிட்டுத் தாய் செத்துப்போகும்.

அப்படி ஒரு கோடையின் தொடக்கத்தில் வந்தவைதான் அந்தக் கருவும் அந்த ஓடும். கரு உள்ளே, ஓடு வெளியே. இரண்டுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை.

"என் அக்காங்க எல்லாம் பொறந்ததுமே நீந்துனாங்க. எனக்கு மட்டும் ஏன் நீ?" என்றது கரு.

"அப்போ உங்க அம்மாகிட்ட நல்ல தண்ணி இல்ல. என்னைக் கட்டத்தான் முடிஞ்சுது," என்றது ஓடு.

"அவளுக்கு என்னைப் பிடிக்கல. அதான் உள்ள போட்டு அடைச்சுட்டா."

"இருக்கலாம். ஆனா என்னைக் கட்டி முடிக்க ரொம்ப மெனக்கெட்டா. நான் கூடவே இருந்தேன், பார்த்தேன்."

ஓடு கெட்டது இல்லை. நயமாகப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். கருவுக்கு அது புரியவில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வெளியே போக வேண்டும், நீந்த வேண்டும். ஓடு விடாமல் உள்ளேயே இருந்து செத்துவிடுவோமோ என்ற பயம் அதற்கு எப்போதும் இருந்தது.

முட்டைகள் பழுப்புத் தூள் மாதிரி அளத்தின் கரையில் ஒதுங்கின. ஈரம் காய்வதற்குள் ஆட்கள் வந்து துணி வலையில் வாரினார்கள். பக்கத்தில் இருந்த இறால் குஞ்சுப் பண்ணைக்குக் கொண்டுபோய், அடி குறுகிய ஒரு தொட்டியில் கொட்டினார்கள்.

அந்தத் தொட்டியைக் குறை சொல்லவே முடியாது. அளவான உப்பு, அளவான சூடு. அடியிலிருந்து ஓயாமல் காற்று. மேலே ஒரு விளக்கு.

"வாங்க, வாங்க," என்றது விளக்கு. "இன்னும் என்ன உள்ள உக்காந்துக்கிட்டு? எவ்வளவு வெளிச்சம் பாருங்க!"

காற்றுக்குமிழிகள் சேதி கொண்டுவந்தன. எல்லாத் தொட்டிக்கும் ஒரே குழாயில்தான் காற்று போகும், அதனால் அவற்றுக்கு எல்லாம் தெரியும். "பக்கத்துத் தொட்டியில இறால் குஞ்சுங்க இருக்கு. உங்க சொந்தக்காரங்க! நேத்துப் போனவங்களைப் பார்த்ததும் எப்படி ஓடி வந்து கட்டிப் பிடிச்சாங்க தெரியுமா? அப்படி ஒரு ஆசை!"

குமிழி பொய் சொல்லவில்லை. மேலே வந்ததும் வெடித்துப்போகிற ஜாதி அது. எதையும் முடிவுவரை பார்த்ததில்லை.

தொட்டி முழுக்கக் கூத்தும் கும்மாளமும் ஆனது. "சொந்தக்காரங்க! சொந்தக்காரங்க!" என்று கருக்கள் உள்ளேயே குதித்தன.

"திற," என்றது நம் கரு.

"மாட்டேன்."

"ஏன்?"

"இறாலுக்கு முதுகுல கவசம் இருக்கு. உங்க அம்மாவுக்கு அது கிடையாது. இறால் நிமிர்ந்து நீந்தும், நீங்க மல்லாந்து நீந்துவீங்க. இறாலுக்குச் செவுள் கன்னத்துப் பக்கம் கவசத்துக்கு அடியில. உங்களுக்குக் கால்தான் செவுளு, காலை ஆட்டித்தான் மூச்சு விடுவீங்க. எந்த ஊர்ல இது சொந்தம்?"

"பேருல இறால்னு இருக்கே!"

"பேரு யாரோ வச்சது. உடம்பு உங்க அம்மா குடுத்தது."

"அப்போ என் சொந்தக்காரங்கதான் யாரு?"

"தெரியாது," என்றது ஓடு. தெரியாததைத் தெரியாது என்றுதான் அது சொல்லும்.

ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிளந்த ஓட்டின் அடியில் குட்டி குடைக்காம்பு மாதிரி தொங்கும். கொஞ்ச நேரத்தில் மெல்லிய தோல் கிழியும். மீசையைத் துடுப்பாக வீசிக்கொண்டு நீந்திவிடும். பார்க்க அவ்வளவு அழகு. கரு உள்ளே அழுதது.

"என்னடி, உன் ஓடு தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டே போனது ஒரு குட்டி.

"கதவு துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் விடச் சொல்லு!" என்றது இன்னொன்று.

"திறந்துடு. உன் கால்ல விழறேன்," என்றது கரு.

"எனக்குக் கால் இல்ல," என்றது ஓடு. "கேளு. இன்னும் ஏதோ சரியில்ல. நீ ஒரு தடவை நல்லா காயணும். காயாம என்னால திறக்க முடியாது. என்னன்னு எனக்கே சொல்லத் தெரியல."

"மத்த ஓடெல்லாம் திறக்குதே!"

"அதுங்க திறக்கும். நான் திறக்க மாட்டேன்."

"நீ ஒரு தண்டம்."

ஓடு இன்னும் இறுக மூடிக்கொண்டது.

மறுநாள் ரஞ்சிதம் வந்தாள். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காற்றை நிறுத்தினாள். விளக்கை இறக்கித் தொட்டியின் அடிப்பக்கம் வைத்தாள். வெறும் ஓடுகள் மேலே மிதந்தன. குட்டிகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கீழே இறங்கிக் கும்பலாக நின்றன. பொரியாத முட்டைகள் அவற்றுக்கும் கீழே போய் அடியில் படிந்தன.

மேற்பார்வை பார்க்கும் தேவநாதன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, வடிச்சாச்சா?"

"அடியில கொஞ்சம் பொரியாம நிக்கிது சார். இன்னும் ஒரு நாள் வச்சிப் பாக்கலாமா?"

"பொரியிறதுன்னா இந்நேரம் பொரிஞ்சிருக்கும். இதுங்க தேறாது. காவாயில வுட்டுட்டு மிச்சத்த இறாலுக்குப் போடு. அங்க பசியில துடிக்குதுங்க."

ரஞ்சிதம் அடிக்குழாயைத் திறந்தாள். பொரியாதவை எல்லாம் சரசரவென்று வெளியே போயின.

கருவின் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்திருந்தது. தேறாது. "கேட்டுச்சா? தேறாதாம்," என்றது. "மத்தவங்க எல்லாம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறாங்க. நான் சாக்கடைக்குப் போறேன். எல்லாம் உன்னால."

"ஆமா, என்னாலதான்," என்றது ஓடு.

கால்வாயில் நுரையும் அழுக்கும் கலந்து ஓடியது. சாயங்காலம் வேறொரு தொட்டியின் கழிவும் அதில் வந்து சேர்ந்தது. அதோடு ஒரு வெற்று ஓடும் வந்தது. இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், அது இவற்றின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

"நீங்க எந்தத் தொட்டி?" என்று கேட்டது கரு.

"உன் தொட்டிதான். என் பிள்ளையோட ஒட்டிக்கிட்டு இறால் தொட்டிவரைக்கும் போயிட்டேன்."

"அப்படியா! சொந்தக்காரங்க எப்படி? நல்லா கவனிச்சாங்களா?"



"தின்னுட்டாங்க," என்றது வெற்று ஓடு.

"யாரை?"

"எல்லாரையும். ஓடி வந்து பிடிச்சது அதுக்குத்தான். அதுங்க மேல கோபப்பட ஒண்ணுமில்ல, பசி. இறால் தின்னத்தான் நம்மளை வாரிட்டு வந்தாங்க. முதல்ல திறந்தது நான். கெட்டிக்கார ஓடுன்னு விளக்கு என்னைப் பாராட்டுச்சு. என் பிள்ளை சிரிச்சுக்கிட்டே போச்சு."



"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று தன் ஓட்டைக் கேட்டது கரு.

"தின்பாங்கன்னு தெரியாது. உன் சொந்தம் இல்லன்னு தெரியும், நீ காயலன்னு தெரியும். மத்தபடி நான் ஒண்ணும் புத்திசாலி இல்ல. மெதுவான ஓடு, அவ்வளவுதான்."

கரு அதற்குப் பிறகு அதைத் திட்டவே இல்லை.

கால்வாய் கடல் தண்ணீர் ஏறும் ஓடையில் கலந்தது. ஓடைத் தண்ணீரை உப்பளத்துக்கு இறைத்தார்கள். முட்டைகளும் வெற்று ஓடுகளும் நுரையோடு நுரையாகக் கரையில் ஒதுங்கின. அதன்பிறகு வெயில். ஈரம் கொஞ்சம்கூட இல்லாமல் எல்லாம் உறிஞ்சியது. கரு வற்றிச் சுருங்கி, உயிர் இருக்கிறதா இல்லையா என்று அதற்கே தெரியாத அளவுக்குப் போனது. காற்று மணலை வாரி அடித்தது. உப்பு வாருகிறவர்கள் மேலேயே மிதித்து நடந்தார்கள். ஓட்டின் மேல் கீறல் விழுந்தது. ஆனால் பிளக்கவில்லை.

மழை வந்தது. அளம் நிறைந்தது. கரையில் கிடந்த கரு மெல்ல உப்பி உருண்டையானது.

"இப்போ," என்றது ஓடு.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"நான் வரல. இங்கயே இருந்துக்கிறேன். வெளிய தின்னுடுவாங்க."

ஓட்டுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "உள்ளேயே வச்சுக்கவா உன்னைக் காப்பாத்துனேன்? நான் என்ன பெட்டியா?"

அப்போது கரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். அங்கே ஒரு மழைக்குட்டை, நல்ல தண்ணீர். அதில் கண்ணாடி மாதிரி உடம்போடு ஏதோ கும்பலாக நீந்திக்கொண்டிருந்தன. முதுகில் கவசம் இல்லை. எல்லாமே மல்லாந்து கிடந்தன.

"யாரு நீங்க?" என்று கத்தியது கரு.

"குட்டை இறால்! தேவதை இறால்னும் சொல்லுவாங்க. பேரைப் பார்த்து மயங்காத, சேத்துல கிடந்தவங்கதான் நாங்க," என்றது அதில் ஒன்று. "போன மழையில எங்க அம்மா முட்டை விட்டா. குட்டை வத்துச்சு, கருவாடு மாதிரி காஞ்சோம். இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் நீந்துறோம். நீ என்ன, முட்டைக் கேஸா?"

"ஆமா."

"அட, நம்மாளு! காலை ஆட்டித்தானே மூச்சு விடுவ?"

"அப்படித்தான் என் ஓடு சொல்லுது."

"அப்புறம் என்ன? உன் உப்புத் தண்ணிக்கு நாங்க வர முடியாது, வந்தா செத்துடுவோம். உன் பக்கம் மீனும் அதிகம் வராது, உப்பு பார்த்துக்கும். எங்க பக்கம் குட்டை வத்திடும், அதனால மீன் வராது. அவங்கவங்களுக்கு ஒரு காவல் இருக்கு. வெளிய வா, மூஞ்சியைப் பார்ப்போம்!"

கரு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு உள்ளிருந்து முட்டியது. ஓடு வெளியிலிருந்து விட்டுக்கொடுத்தது. படக்கென்று பிளந்தது.

குட்டி ஓட்டின் அடியில் தொங்கியது. இருவரும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடு இவ்வளவு சின்னது என்று குட்டிக்குத் தெரியாது. உடம்பெல்லாம் கீறல்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றது குட்டி.

"அப்புறம் சொல்லு. மீசையை வீசு. காலெல்லாம் பிறகு முளைக்கும். வீசு!"

தோல் கிழிந்தது. குட்டி விழுந்து, உருண்டு, வீசி, போயே போய்விட்டது. ஓடு மிதந்து கரைக்கு வந்தது. அங்கே ஆயிரக்கணக்கான வெற்று ஓடுகள் பழுப்பு வரியாகக் கிடந்தன. பிள்ளையை இறாலுக்குக் கொடுத்த அந்த ஓடும் அதில் கிடந்தது.

நாட்கள் போயின. குட்டிக்குக் கால்கள் முளைத்தன, ஒவ்வொரு ஜோடியாக. எல்லாம் முளைத்து முடிந்ததும் அது கரைக்குத் திரும்பி வந்தது. சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

வந்து பார்த்தால் எது தன் ஓடு என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே நிறம், எல்லாம் பிளந்தவை, எல்லாவற்றிலும் கீறல். இங்கும் அங்கும் தேடியது. கடைசியில் தேடுவதை விட்டுவிட்டுக் கரையின் ஒரு முனைக்குப் போனது. அங்கிருந்து மறு முனைவரை மல்லாந்து, கால் அத்தனையும் அசைய, மெதுவாக நீந்திக்கொண்டே ஒவ்வோர் ஓட்டிடமும் சொன்னது.

"நீ அன்னிக்குத் திறக்கல. அதனால நான் இருக்கேன். ரொம்ப நன்றி."

அடுத்த ஓட்டிடமும் அதையே. அதற்கடுத்ததிடமும் அதையே.

பிள்ளையைப் பறிகொடுத்த அந்த ஓடு பக்கத்து ஓட்டை மெல்லத் தொட்டது. "அது உன் பிள்ளைதானே? உன்னைத்தானே தேடுது?"

பக்கத்து ஓடு தன் பிள்ளையின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவை நன்றாக அசைந்தன. மூச்சு நன்றாக வந்தது.

"பேசாம இரு," என்றது. "உன்கிட்ட வருது, வாங்கிக்கோ."