எட்டுப் பேருக்கான லிஃப்ட்

சாலிகிராமத்தில் பேய்ப் படங்களுக்கு இசையமைக்கும் குழு ஒன்று இருந்தது. மூன்றே பேர். வயலின் கிடையாது, தபேலா கிடையாது. சிந்தசைசர் எனும் மின்னணுக் கருவிகள் நான்கு, ஒலியைத் திருகி மாற்ற மேசை நிறையக் குமிழ்கள், அவ்வளவுதான். குழுவின் தலைவி ஹெலன். ஒரு காலத்தில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் மிஸ்.

சந்திரபோஸ் பதினோரு வருடமாக அவருக்குச் சீடன். மிஸ்ஸைவிட இரண்டு வயது மூத்தவன். நஸ்ரின் வந்து சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

புதுப் படம் வந்தபோது மிஸ் சொன்னார்: "லிஃப்ட் காட்சிக்கு ரெண்டு பேருமே தனித்தனியா இசை போடுங்க. டைரக்டர் யாரோடதை எடுக்கிறாரோ, படம் முழுக்க அவங்களே பண்ணட்டும்."

எட்டுப் பேர் ஏறக்கூடிய லிஃப்டில் ஒருத்தி தனியாக ஏறுகிறாள். எடை அதிகம் என்று சிவப்பு விளக்கு எரிகிறது. காட்சி அதுதான்.

போஸ் இருபது நாள் மாய்ந்து மாய்ந்து உழைத்தான். பாதாளத்தில் உருளும் இடி, தகரத்தைக் கீறும் நகம், தலைகீழாக ஓடும் குழந்தைச் சிரிப்பு. நஸ்ரினோ ஒரே சுரத்தை இரண்டு கருவிகளில் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

அது நன்றாக இருந்தது. கேட்ட நாளிலிருந்து போஸுக்குச் சோறு இறங்கவில்லை.

டைரக்டர் வரும் அன்று மதியம் மற்ற இருவரும் சாப்பிடப் போனார்கள். போஸ் பசியில்லை என்று அறையிலேயே இருந்தான். நஸ்ரினின் இரண்டு கருவிகளில் ஒன்றின் சுருதிக் குமிழை மயிரிழை அளவு திருப்பினான். திருப்பிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்குத் திரையில் காட்சி ஓடியது. முதலில் போஸ் வாசித்தான்.

"மிரட்டுது சார்," என்றார் டைரக்டர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்து நஸ்ரின். இரண்டு சுரங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் மெல்லத் துடித்தன. மூடிய அறைக்குள் இன்னொருவரின் மூச்சுப் போல.

நஸ்ரின் பதறி எழுந்தாள். "மிஸ், சுருதி விலகியிருக்கு. நான் இப்படி வைக்கல. ஒரே நிமிஷம், சரி பண்ணிடறேன்."

"தொடாதீங்க!" டைரக்டர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்திருந்தார். "அவ பக்கத்துல யாரோ நிக்கிறாங்கம்மா. அவளைப் பிடிக்காத யாரோ."

காட்சி முடிந்ததும் நஸ்ரினிடம், "படத்தை நீங்களே பண்ணுங்க," என்றார்.

வாசல்வரை போன நஸ்ரின் திரும்பி வந்தாள். "போஸ் அண்ணா, சத்தியமா அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

"உனக்கு அதிர்ஷ்டம்மா," என்று சிரித்தான் போஸ். தாடை வலித்தது.

எல்லோரும் போன பிறகு மிஸ் கருவிகளுக்குத் துணி போர்த்தினார். போஸ் போகாமல் நின்றான்.

"மிஸ், என்கிட்ட இல்லாதது அவகிட்ட என்ன இருக்கு?"

மிஸ் நஸ்ரினின் கருவிகள் மேலிருந்த துணியை விலக்கினார். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி, இரண்டு கருவிகளிலும் அந்தச் சுரத்தை அழுத்தினார். சுரம் தெளிந்த நீராய் நின்றது.

"இது அவளோடது."

மறுபடி மயிரிழை திருப்பினார். அறை துடித்தது.

"இது?"

போஸ் கையை மறுபடி சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பன்னிரண்டு மணிக்கு நானே சுருதி பார்த்தேன், போஸ்."

அவன் தலை குனிந்தது. குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தது.

"அப்போ அந்த பயம் என்னோடது மிஸ்! டைரக்டரை நாற்காலியோட நகர வச்சது நான்!"

"நீங்கதான்," என்றார் மிஸ். "பதினோரு வருஷத்துல நீங்க உண்மையா வாசிச்சது அது ஒண்ணுதான். அதை ஏன் அவ இசையில கொண்டுபோய் வச்சீங்க?"