முட்டுக்கட்டைச் சங்கிலியார்

ஆலங்கரைக் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுவந்த சங்கிலியார், பிழைப்புக்கு விறகு பிளந்தவர். அந்தக் கூலியில் மகன் உத்திராபதிக்கும், தாயில்லாத பேத்தி தைலம்மைக்கும் தமக்குமாகக் கூழ் காய்ச்சினால் மிச்சம் ஒன்றும் இராது. ஆனாலும் விடிந்ததும் தேரடிக்குப் போய், ஆளுயரச் சக்கரம் நான்கையும் துடைத்து, ஒவ்வொன்றின் முன்னும் விழுந்து கும்பிட்ட பிறகுதான் கோடரியைத் தொடுவார்.

"சாமி உள்ள இருக்கு. இவரு சக்கரத்தக் கும்புடுறாரு பாருங்க" என்று சந்நிதித் தெருவே சிரிக்கும்.

"சாமி ஊருக்குள்ள வர்றது இந்தக் காலாலதானே" என்பார் அவர், கோபமில்லாமல்.

முட்டுக்கட்டை என்பது புளிய மரத்தில் செதுக்கிய ஆப்பு. ஓடுகிற தேரைத் திருப்பவும் நிறுத்தவும் அதைத் தவிர வேறு வழியில்லை. உருளும் சக்கரத்துக்கு முழம் முன்னால் குனிந்து ஓடி, சரியான நொடியில் அதை உள்ளே தள்ள வேண்டும். முப்பத்தாறு வருஷம் அந்த வேலையைச் செய்த சங்கிலியாரின் கட்டை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்தபோது மடை திறப்பதில் சண்டை மூண்டது. வைரப்பன் என்கிற முரடன், மண்வெட்டியை ஓங்கி உத்திராபதியின் தலையில் போட்டான். விழுந்தவனை விடாமல் மறுபடியும் வெட்டினான். சேறெல்லாம் ரத்தம். சங்கிலியார் ஓடி வந்தபோது மகனுக்கு முகமென்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. அவர் தமது துண்டால் அதை மூடி, தோளில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே வீடுவரை நடந்தார். கண்ணால் கண்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊருக்கு முதுகெலும்பு இல்லாமல் போனது அன்றைக்குத்தான். வைரப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

சங்கிலியார் மறுநாளும் தேரடிக்குப் போனார். சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கதறினார். கதறி முடித்து, வழக்கம்போலத் துடைத்தார்.

பங்குனியில் தேர் வந்தது. புறப்படும் நேரத்தில் தைலம்மை அவர் கையைப் பற்றினாள். பதினாறு வயதுப் பெண். அப்பன் செத்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"தாத்தா, அவனும் வடம் புடிக்க வந்திருக்கான். தேருக்கு ஒட்டுனாப்புல முதல் ஆளா நிக்கிறான். அவன் தடுக்கி உழுந்தா நீ கட்ட போடாத. என் மேல சத்தியமாப் போடாத."

சங்கிலியார் கையை விடுவித்துக்கொண்டு கட்டையைத் தூக்கினார்.

கீழவீதித் திருப்பம் சற்றே சரிவு. வெயிலுக்காகத் தெருவில் தண்ணீர் கொட்டியிருந்தார்கள். தேர் வேகமெடுத்தது. வைரப்பன் வழுக்கி, மல்லாக்கச் சக்கரத்தின் முன்னால் விழுந்தான். கால் வடத்தில் சிக்கிக்கொண்டது. "ஐயோ, பெரியவரே!" என்று அலறினான்.

சங்கிலியார் பக்கத்தில்தான் இருந்தார். கட்டை கையிலேயே இருந்தது. ஆனால் கை நின்றுவிட்டது. துண்டால் மூடிய முகம் அவர் கண் முன்னால் வந்தது. நசுங்கட்டும் என்று அவர் மனம் சொன்னது. அடியாரும் மனிதர்தாமே, இதை மறைப்பானேன்.

அது ஒரே ஒரு நொடிதான். மறுநொடி அவர் பாய்ந்து கட்டையைப் போட்டார். தாமதமாகிப் போனதால் அதன் நுனி மட்டுமே பிடித்தது. சக்கரம் அதைப் பிதுக்கித் தள்ளியது. "சிவனே!" என்று கத்தியபடி சங்கிலியார் தம் வலக்கையால் கட்டையை உள்ளே அழுத்தினார். சக்கரம் முழங்கை வரை ஏறியது. எலும்பு நொறுங்கிய சத்தம் தவிலையும் தாண்டிக் கேட்டது. வைரப்பனின் கழுத்துக்கு நாலு விரற்கடை இருக்கையில் தேர் நின்றது.

மரங்களால் நெம்பிச் சக்கரத்தைத் தூக்கி அவரை எடுத்தார்கள். தைலம்மை மாரில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பன வெட்டுனவனுக்கா தாத்தா உன் கையக் குடுத்த?"

"அவனுக்கில்லம்மா" என்றார் சங்கிலியார், பல்லைக் கடித்துக்கொண்டு. "சாமி காலுல ரத்தம் படப் பாத்துச்சு. ஒரு நொடி நானும் படட்டும்னு நெனச்சுட்டேன். அதான் என் ரத்தமே பட்டுது."

அதைக் கேட்ட வைரப்பன் எழுந்தான். அவன் வேட்டியெல்லாம் கிழவரின் ரத்தம். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், "உத்திராபதிய வெட்டுனது நான்தான்" என்றான்.

டவுன் ஆஸ்பத்திரியில் சங்கிலியாரின் கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கோயிலில் திருமஞ்சனத்துக்காக உற்சவரான சந்திரசேகரரின் அலங்காரத்தைக் களைந்த குருக்கள் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. அஞ்சேல் என்று அருளும் வலக்கை, முழங்கைக்குக் கீழே நசுங்கி மடங்கிக் கிடந்தது. தேரிலிருந்து சாமியை இறக்கியபோது ஒரு கீறல்கூட இல்லையென்று இறக்கியவர்கள் சத்தியம் செய்தார்கள். ஸ்தபதி வந்து காய்ச்சித் தட்டிப் பார்த்தார். செம்பு அசையவில்லை.

பத்து நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு சங்கிலியாரைச் சந்நிதிக்குத் தாங்கி அழைத்து வந்தார்கள். பார்த்ததும் அவர் உடைந்துபோனார்.

"தப்பு நெனச்சது நான். நீ ஏன்யா கையக் குடுத்த?"

அவர் மகனுக்காகச் சாட்சி சொல்லாத ஏழெட்டுப் பேரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார்கள். அவர்கள் தலை குனிந்து தரையைப் பார்த்தார்கள். தைலம்மை, தாத்தாவின் வெறும் தோளில் முகம் வைத்து, பல மாதம் அடக்கிவைத்த அழுகையை அழுது தீர்த்தாள்.

சாமியின் அந்தக் கையை அதன் பிறகு எவரும் நிமிர்த்த முயலவில்லை. ஒரு நொடி தவறியதற்காகத் தம் கையைத் தந்த கிழவரும், அவர் தனியே வலி பொறுக்க விடாத பெருமானும் வாழ்க. சங்கிலியார் திருவடிக்கு நம் வணக்கம்.