அலங்காரக்காரரின் பத்தில் ஒரு பங்கு

செம்பேரிச் சீமையை ஆண்ட விசயரங்கப்பருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. காசு கேட்காமல் வரும் யோசனை காசு பெறாது என்பதுதான் அது. அதனால் அரண்மனையில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறியதில்லை.

ஓலை எழுதும் ராயசமாக இருந்த அம்பலவாணர் மாதச் சம்பளக்காரர். அந்த வருஷம் ஆடி பிறந்ததிலிருந்து ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டார். பெரிய ஏரி தூர்ந்து கிடக்கிறது, மடை விரிசல் விட்டிருக்கிறது, ஐப்பசி மழைக்குள் சரிசெய்யாவிட்டால் கரை நிற்காது. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அவர் குடியிருந்த கீழத்தெருவில்தான். ஊரார் மண்வெட்டியோடு தயாராக இருந்தார்கள். ஆனால் ராஜா தன் கையால் முதல் கூடை மண்ணை அள்ளித் தராமல் யாரும் ஏரியில் இறங்கக்கூடாது என்பது சீமை வழக்கம்.

மூன்று முறையும் ராஜா, பார்க்கலாம் என்றார். அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது தன் கொலுமண்டபத்தை. பக்கத்துச் சீமையில் மண்டபத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டபத்தை அலங்கரிக்க ரங்கோஜி என்பவர் பல்லக்கில் வந்து இறங்கினார். வந்ததும் தன் கூலியை விளக்கினார். மண்டபத்தைப் பார்ப்பதற்கு நூறு வராகன். பார்த்ததைப் பற்றி யோசிப்பதற்கு இன்னொரு நூறு. யோசித்தபடி வேலை நடந்தால், ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு.

செலவு ஏறினால் உமக்கும் ஏறும் அல்லவா என்று அம்பலவாணர் மெதுவாகக் கேட்டார்.

ரங்கோஜி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பொருளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ராயசமே. அதை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் எனக்குக் கூலி."

ராஜா சொக்கிப்போனார்.

ஒப்பந்தத்தை அம்பலவாணர்தான் எழுதினார். எழுதி முடித்ததும் ரங்கோஜி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். முன்பு ஓரிடத்தில் வேலையாட்களுக்கு நெல்லை அளந்துவிட்டு, பணமே செலவாகவில்லை என்று அவர் பங்கை இல்லை என்றுவிட்டார்களாம். அதனால், வேலையாட்களுக்குப் பணமோ நெல்லோ வேறு எதுவோ, எதைக் கூலியாகக் கொடுத்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அப்படியே தனக்கும் சேர வேண்டும் என்றார். அம்பலவாணர் அதை எழுதி இரண்டு முறை உரக்கப் படித்தார். முத்திரை விழுந்தது.

இரண்டு நாள் யோசித்து ரங்கோஜி பட்டியல் கொடுத்தார். சீமைக் கண்ணாடி பன்னிரண்டு. சரவிளக்கு ஏழு. தரைக்கு ரத்தினக் கம்பளம். விலை குறைந்த பொருள் எதுவும் அந்த மண்டபத்துக்குப் பொருந்தவில்லை.

பட்டியலைப் படித்த அம்பலவாணருக்கு ஒன்று புரிந்தது. தான் மூன்று முறை தப்பான ஆளிடம் சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் மண்டபத்தின் பெரிய சாளரத்தருகே ரங்கோஜியை அழைத்துப்போனார். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் நேராகக் கண்ணில் படுவது இதுதான் என்று காட்டினார். வெளியே ஏரி, கோரையும் வெடித்த சேறுமாகக் கிடந்தது.

"என்ன செய்வது ஐயா," என்று பெருமூச்சு விட்டார் அம்பலவாணர். "போன தலைமுறையில் இதைத் தூர்வாரியபோது ஆயிரம் பேர் நாற்பது நாள் வேலை செய்தார்கள். வண்டி மட்டும் இருநூறு. இப்போது யார் அதற்குத் துணிவார்கள்?"

ரங்கோஜியின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. ஒரு கை போதவில்லை.

அன்று மாலையே அவர் ராஜாவிடம் போய், கண்ணாடி மாட்டினால் அதில் தெரியப்போவது அந்தப் பாழும் ஏரிதான், முதலில் ஏரி, மற்றதெல்லாம் பிறகு என்றார். மூன்று முறை சொல்லியும் கண்ணில் படாத ஏரி ராஜாவுக்கு அப்போது தெரிந்தது. விடிந்ததும் முதல் கூடை மண்ணை அள்ளிக் கொடுத்தார்.

வீட்டுக்கு ஒருவர் இறங்கினார்கள். ரங்கோஜி தினமும் குடை பிடித்துக்கொண்டு வந்து தலைகளை எண்ணினார். பத்தாம் நாள், ஆள் போதாது, இன்னும் ஐந்நூறு பேர் வேண்டும் என்று அவரே ராஜாவிடம் வற்புறுத்தினார். அம்பலவாணர் மறுபேச்சில்லாமல் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ஓலை எழுதினார். நாற்பது நாள் வேலை முப்பதில் முடிந்தது. மடைக்குப் புதுக் கல் வைத்தாயிற்று.

மறுநாள் சபையில் ரங்கோஜி ஒப்பந்த ஓலையை நீட்டினார். ராஜா அம்பலவாணரைப் பார்த்தார்.

"கல் அரண்மனைக் குன்றில் வெட்டியது, மகாராஜா. விலை இல்லை," என்றார் அம்பலவாணர். "ஏரி வேலைக்கு நம் சீமையில் பணக்கூலி கிடையாது. வெட்டிய வண்டலை வெட்டியவர் தன் வயலுக்கு அடித்துக்கொள்வார். அதுதான் கூலி. வண்டல் மூவாயிரம் வண்டி. ஒப்பந்தப்படி ஐயாவுக்கு முந்நூறு. விடியற்காலையிலேயே அவர் விடுதிக்கு வண்டிகள் புறப்பட்டுவிட்டன."

சபையில் யாரோ இருமினார்கள். ரங்கோஜி ஓலையில் அந்த வரியைத் தேடிப் படித்தார்.

"முந்நூறு வண்டி மண்ணை நான் எங்கே வைப்பது?"

"அது தெரிந்ததற்குத்தானே ஐயா, உமக்குக் கூலி."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்தது. ரங்கோஜிக்குப் பல்லக்கும் வழிச்செலவும் கொடுத்து மரியாதையாக அனுப்பினார். ஐப்பசியில் மழை கொட்டியது, கரை நின்றது. ஏரித் தண்ணீரில் பட்ட வெயில் மண்டபத்து விதானத்தில் ஏறி ஆடியது. கண்ணாடி எதற்கு என்று ராஜாவே கேட்டார்.

இந்த ஏரி விஷயத்தை நீர் ஏன் முன்பே சொல்லவில்லை என்று அம்பலவாணரையும் கேட்டார். இனி ஒவ்வொரு யோசனைக்கும் நூறு வராகன் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு அம்பலவாணர் எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.