மண்கோட்டைக் கதவு

"அண்ணாவி, இன்னைக்கு என்னால பாட முடியாது."

பேராச்சி வில்லைத் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, இடிந்த கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஆவுடையப்பன் குடத்தை வைக்கோல் பிரிமனையில் அமர்த்திக்கொண்டிருந்தார். அவளுக்கு வில்லுப்பாட்டு சொல்லிக்கொடுத்த அண்ணாவி அவர். தன் குரல் போன பிறகு, அவள் பாட இவர் குடம் அடிக்கிறார்.

"தொண்டையா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. மனசு ஓஞ்சு போச்சு."

வருஷா வருஷம் கோயில் கொடைக்கு அந்தக் கோட்டை மேட்டில் ஒரே கதைதான். பகைவர் படை மண்கோட்டையை வளைத்து நிற்கும். உள்ளே இருந்து ஒருவன் கதவைத் திறந்துவிடுவான். கோட்டை விழும்.

திறந்தவன் பெயர் கொம்பையா. அந்தப் பெயர் வந்ததும் கூட்டம் காறித் துப்பும்.

கொம்பையா வகையறா இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறது. அவர்களும் கதை கேட்க வருவார்கள். ஓரமாக உட்கார்வார்கள்.

"காலையில சண்முகக்கனி வந்தா, அண்ணாவி. மகளுக்குப் பேசி வச்ச சம்பந்தம் முறிஞ்சு போச்சாம். காட்டிக் கொடுத்த வம்சத்துல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாங்களாம். அந்தப் பேர மட்டும் விட்டுரு அக்கான்னு அழுதா."

"விட்டுரு."

"ஊரு விடுமா? போன வருசம் கொஞ்சம் மெதுவாச் சொன்னதுக்கே, சத்தமாச் சொல்லுன்னு கத்துனாங்க."

"அப்பச் சொல்லு."

"அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டா?"

அவர் குடத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"கொம்பையாதான் திறந்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்க."

"எனக்கு?"

"உங்க அண்ணாவி."

"அவருக்கு?"

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கூட்டம் சேந்துருச்சு. எந்திரி," என்றார்.

எழுந்தாள். பாடினாள். படை வந்தது. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் கதை கதவுக்கு வந்து நின்றது.

"கதவைத் திறந்தவன் யாரு?" என்று இழுத்தாள்.

பெயர் வாயில் வரவில்லை.

"கொம்பையா!" என்றது கூட்டம், அவளை முந்திக்கொண்டு.

ஓரத்தில் சண்முகக்கனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் மூடவில்லை. வில்லையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடச் சத்தம் நின்றது.

ஆவுடையப்பன் முழங்காலில் கையூன்றி எழுந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான்தான் திறந்தேன்."

யாரோ சிரித்தார்கள். "உக்காருங்க அண்ணாவி, கதை நடக்கட்டும்," என்றது ஒரு குரல்.

அவர் உட்காரவில்லை. மெல்ல நடந்து முன்வரிசைக்கு வந்தார். அங்கிருந்த பெரியவர் முன்னால் குனிந்து முகத்தைக் காட்டினார்.

"துப்புங்க."

பெரியவர் வாயில் எச்சில் தயாராகத்தான் இருந்தது. விழுங்கிக்கொண்டார்.



"அண்ணாவி," என்றாள் பேராச்சி. "ஏன் திறந்தீங்க?"

பாட்டில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

ஆவுடையப்பன் திரும்பினார்.

"எனக்கென்ன தெரியும் தாயி? கொம்பையாகிட்ட யாரும் கேக்கலியே."