பலாமரம் ஏறிய பந்து

ஒரு காட்டுக்கே கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது, குழந்தைகளே! காட்டு அணிக்குக் கரடியார்தான் கோச். தினமும் விடிந்ததும் விசில் ஊதிவிடுவார்.

"பிடி, தட்டு, கொடு! பந்தைப் பிடி, தரையில் தட்டு, பக்கத்து ஆளுக்குக் கொடு. இதையே நூறு தடவை செய்!"

எருமை அன்னக்கிளி நூறையும் ஒழுங்காகச் செய்யும். எண்ணிக்கை மறந்துபோனால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். பாவம், பெரும்பாலும் மறந்துபோகும்.

குரங்கு வீரபாகு இருக்கிறதே, அது வேறு ரகம். பந்து கைக்கு வந்ததோ இல்லையோ, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்துப் பலாமரத்தில் விறுவிறுவென்று ஏறிவிடும். அந்த மரம்தான் அதன் வீடு. வாலில் தலைகீழாகத் தொங்கியபடி அங்கிருந்தே பந்தைக் கூடைக்குள் போடும். முயல்கள் எல்லாம் "ஓஹோ!" என்று கைதட்டும்.

"இறங்குப்பா! ஆட்டத்துல மரம் ஏறினா தப்பாட்டம்!" என்று கரடியார் கத்துவார்.

"இது சும்மா பயிற்சிதானே கோச்? மேட்ச் அன்னைக்குப் பாருங்க, வெளுத்துக் கட்டிடுறேன்!"

ஒரு மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் பக்கத்துக் குன்றிலிருந்து நரி அணி ஆட வந்தது. பலாமரத்தில் பழங்கள் கமகமவென்று பழுத்திருந்தன. நரிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "தோத்தா என்ன குடுப்பீங்க?" என்று கேட்டன.

"என் மரத்தையே எடுத்துக்கோங்க, போங்க!" என்றது வீரபாகு. அட, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

ஆட்டம் பத்துக்குப் பத்து என்று வந்து நின்றது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பந்து வீரபாகுவின் கைக்கு வந்தது. கூடைக்கு அடியில் அன்னக்கிளி தனியாக நின்றது. அதைத் தடுக்க ஒரு நரிகூட இல்லை.

"எனக்குக் குடு! எனக்குக் குடு!"

கொடுக்கத்தான் நினைத்தது வீரபாகு. ஆனால் நான்கு நரிகள் பாய்ந்து வரவும் பயந்துவிட்டது. மறுநொடி பார்த்தால், பந்தும் கையுமாகப் பலாமரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கிறது!

"தப்பாட்டம்! பந்து நரிகளுக்கு!" என்று நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி விசில் ஊதியது.

நரிகள் பிடித்தன, தட்டின, கொடுத்தன. பந்து கூடைக்குள் விழுந்தது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

வீரபாகு கிளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது. "கோச், நான் ஏறணும்னு நினைக்கவே இல்லை! காலு தானா ஏறிடுச்சு!"

"தெரியும்ப்பா. ஒரு மாசமா உன் காலுக்கு நீ அதைத்தானே சொல்லிக் குடுத்தே" என்றார் கரடியார்.

அடிமரத்தில் யாரோ தட்டினார்கள். குனிந்து பார்த்தது வீரபாகு. கீழே நரி அணித் தலைவர் ரொம்ப மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் இறங்குறீங்களா? இது இப்போ எங்க மரம்."

நீதி: பயிற்சியில் எதைப் பழக்குகிறோமோ, ஆட்டத்தில் கை கால்கள் அதையே செய்யும்.